மூச்சு விடாத கணக்குப் பாட்டு

எனக்குப் பாட்டு எழுத வராது. பாடவும் வராது. மாதா கோயில் பாடற்குழுவின் கடைசி வரிசையில் நின்று இரண்டு வருடம் வாயசைத்ததோடு என் சங்கீதம் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட நான், நாற்பத்தெட்டு வயதில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று ஒரு ராப் பாட்டுச் செய்தேன் என்றால், அதற்கு முழுக் காரணமும் என் அக்காதான். இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது எரிச்சல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அக்கா நகரத்தின் மறுகோடியில், பிளேஸ்டோவில் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பத்தொன்பது வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அங்கே மருந்து வண்டி என்று ஒன்று உண்டு. காலையும் மாலையும் அதை அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போய், அவரவர் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். எந்தக் கிழவருக்கு எந்த மாத்திரை, யார் விழுங்கியதுபோல நடித்துவிட்டுக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைப்பார், யாரை ஒரு பகிடி சொல்லிச் சிரிக்க வைத்தால்தான் வாய் திறப்பார், எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். ஆனால் வண்டியில் மட்டும் கை வைக்கக் கூடாது. வண்டி சீனியர்களுடையது. சீனியராக வேண்டுமென்றால் கணக்கில் லெவல் டூ சோதனை பாஸ் பண்ணியிருக்க வேண்டும். அக்கா இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டிருந்தார்.

மூன்றாம் தரமும் தவறினால் இனி அனுப்ப மாட்டோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அக்கா கையைப் பிடித்து வேலை பழக்கிய பிள்ளை ஒருத்தி, வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அக்காவிடமே, “இவருக்கு எப்படிக் குடுக்கிறது அன்ரி?” என்று கேட்டுவிட்டுப் போகிறாளாம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழும்பிப் போய், ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை மறுபடியும் துடைத்தார்.

“விடுங்க அக்கா, நான் படிப்பிக்கிறன்,” என்றேன். என்னைவிட்டால் ஆள் யார்? பொறியியல் படித்தவன். ஒரு கவுன்சிலின் கணினிப் பிரிவில் வேலை. எங்கள் குடும்பத்தில் கணக்கு என்றால் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ரயில் ஏறி, பேங்க் ஸ்டேஷனில் இறங்கி, அந்த முடிவில்லாத சுரங்கப் பாதையில் நடந்து இன்னொரு ரயில் பிடித்து, பிளேஸ்டோ போய்ச் சேர்வேன். அக்கா கொப்பி, பேனை, அடிமட்டம் எல்லாவற்றையும் மேசையில் ஒழுங்காக வைத்துக்கொண்டு காத்திருப்பார். பத்து நிமிடத்தில் சண்டை தொடங்கிவிடும்.

“மூண்டில ஒண்டையும் நாலில ஒண்டையும் கூட்டினா என்ன அக்கா?”

“ஏழில ரெண்டு.”

“எப்பிடி ஏழில ரெண்டு வரும்? மேலயும் மேலயும் கூட்டி, கீழயும் கீழயும் கூட்டுறதோ? போன கிழமையும் இதைத்தானே சொன்னனான்?”

“போன கிழமையும் இப்பிடித்தான் கத்தினனீ.”

“நான் கத்தேல்லை. சாதாரணமாத்தான் கேட்டனான்.”

“ஓம். அதுதான் உன்ர சாதாரணம்.” அக்கா பேனைக்கு மூடி போட்டார். “உன்ர குரலைக் கேட்டா எனக்குத் தெரிஞ்சதும் மறந்துபோகுது தம்பி. வா, சாப்பிடுவம்.”

இப்படியே நாலைந்து ஞாயிறு போனது. மீன் குழம்பு நன்றாக இருந்தது. கணக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டாள்: “நீங்கள் ஏன் உங்கட வாயால படிப்பிக்கிறியள்? அந்தக் கொம்பியூட்டர் குரல் ஒண்டைப் பிடிச்சுச் சொல்ல விடுங்கோவன். அது மூஞ்சியைச் சுளிக்காது.”

என்னைக் குத்துவதற்காகச் சொன்னதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் விஷயம் இருந்தது. அக்காவுக்கு எழுத்தில் படித்தது நிற்காது. காதால் கேட்டது போகாது. எந்தத் திருவிழாவுக்கு எந்தப் பாட்டுப் பாடினார்கள், எந்தச் சரணத்தில் யார் சுருதி பிசகினார் என்பதுவரை சொல்வார். அப்படியென்றால் கணக்கைப் பாட்டாகச் செய்து, என் குரல் இல்லாமல், கோபமே வராத ஒரு குரலில் கொடுத்தால் என்ன? எழுத்தைக் கொடுத்தால் பேசித் தரும் செயலிகள் இப்போது மலிந்து கிடக்கின்றன. கணினிக்காரனான எனக்கு இது ஒரு மத்தியான வேலை என்று நினைத்தேன். அது ஆறு கிழமை இழுத்தது.

முதலில் மெட்டுப் பிரச்சினை. கோயில் பாட்டு ஒன்றின் மெட்டில் போடலாமா என்று கேட்டேன். “கோயில் பாட்டில கை வைக்காத, பாவம்,” என்றார் அக்கா. சினிமாப் பாட்டு? “அதைக் கேட்டா எனக்குக் கணக்கு ஞாபகம் வராது, கதாநாயகன்தான் வருவான்.” மெட்டே இல்லாமல் என்ன செய்வது? மிஞ்சியது ராப் ஒன்றுதான். தாளம் இருந்தால் போதும், மற்றபடி வேகமாகப் பேசினால் சரி. கணினிக்குப் பாட வராது, பேச வரும். எனக்கும் அப்படித்தான். ஆக, நானும் மெசினும் சேர்ந்து ராப் கலைஞர்களானோம்.

வரிகளை நானே எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்:

பின்னம் ஒரு பிடிவாதக்காரி,
மேலே தொகுதி, கீழே பகுதி!
கீழே ரெண்டும் வேறாய் நிண்டால்
கூட்டாதை அக்கா, கொஞ்சம் பொறுதி!

பத்து வீதம் வேணுமோ அக்கா?
புள்ளியை இடப்பக்கம் தட்டக்கா!
ஐந்து வீதம் அதிலே பாதி,
அழுதும் பயனில்லை, அதுதான் நீதி!

அதற்குப் பிறகு வாய்ப்பாடு. சோதனையின் முதற்பகுதிக்குக் கால்குலேட்டர் கிடையாது. அக்கா ஒவ்வொரு தரமும் வழுக்கி விழுந்த இடம் அதுதான்.

ஏழெட்டு என்ன? ஐம்பத்தாறு!
பார்த்து நிக்காதை, வாயாலை கூறு!

எழுதி முடித்தபோது எனக்கே ஒரு பெருமை. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

பிறகு மெசினோடு மாரடிப்பு. அந்தச் செயலியில் தமிழுக்கு ஐந்து குரல்கள் இருந்தன. இரண்டு, தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும் பெண்கள். இரண்டு, அவசரமாகச் செய்தி வாசிப்பவர்கள். மிஞ்சிய ஆண் குரல் ஒன்று நிதானமாக இருந்தது. அதைத் தெரிவு செய்தேன். பின்னத்தை எண்ணில் எழுதிக் கொடுத்தால் அதைத் திகதி என்று நினைத்து மாதமும் நாளும் வாசித்தது. எல்லாவற்றையும் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். “கொஞ்சம் பொறுதி” என்ற இடத்தில் உண்மையாகவே பொறுத்து, தாளம் எங்கேயோ போன பிறகு வந்து சேர்ந்தது. வேகத்தைக் கூட்டினால் எலிபோலக் கீச்சிட்டது. குறைத்தால் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் குரல் வந்தது. “அழுதும் பயனில்லை” என்ற வரியை அந்தக் குரலில் கேட்டபோது, பக்கத்து அறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, “ஆர் செத்தது?” என்றாள்.

ஒவ்வொரு சொல்லாக வெட்டி, தாளத்துக்குள் தள்ளி, மறுபடி வெட்டி, மறுபடி தள்ளினேன். வேலைக்குப் போகும் நேரத்திலும் தலைக்குள் ‘மேலே தொகுதி, கீழே பகுதி’ ஓடியது. ஒருமுறை அலுவலகக் கூட்டத்தில் மேசையில் தாளம் போட, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படிப் பாடுபட்டு, ஒன்பதாவது தடவையில் பாட்டு ஒரு மாதிரி உருப்பட்டது. கைப்பேசியில் போட்டுக்கொண்டு பிளேஸ்டோவுக்கு ஓடினேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆர் இந்தத் தம்பி?” என்றார்.

“ஆளில்லை அக்கா. மெசின்.”

“மெசின் எண்டாலும் மூச்சு விட வேண்டாமோ? எனக்கு இடம் விடுறானில்லையே.”

“உங்களுக்கு ஏன் இடம்? நீங்க கேக்கிறதுதானே வேலை.”

“கேட்டுக்கொண்டே இருந்தா நான் எப்ப சொல்லுறது? ஜெபமாலையில ஒராள் பாதி சொன்னா மற்ற ஆக்கள் மிச்சப் பாதியைச் சொல்லுறதில்லையோ? அப்பிடி விடச் சொல்லு.”

“அக்கா, இது ஜெபமாலையில்லை. ராப்.”

“எனக்குத் தெரியாது. இவனுக்கு எல்லாத்தையும் தானே சொல்லவேணும். உன்னைப்போல.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது தடவை வெட்டி ஒட்டியவன் நான். இனி ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் இடைவெளி விடுவதென்றால் தாளம் முழுவதையும் முதலிலிருந்து அடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டால் தானாக மனதில் நிற்கும், எல்லோரும் அப்படித்தான் பாட்டுப் பாடமாக்குகிறார்கள் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். அக்கா மறுத்துப் பேசவில்லை. காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் கேட்டார், ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டார், கறி வைக்கும்போது கேட்டார். மூன்று கிழமை கேட்டார்.

மூன்று கிழமைக்குப் பிறகு சோதித்துப் பார்த்தேன். பாட்டு முழுவதும் அவர் வாயில் இருந்தது. பகிடி வரிகள் ஒன்றும் தவறவில்லை. கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்தன. விடை வரும் இடத்தில் மட்டும் நின்றுவிடுவார். “ஏழெட்டு என்ன?” என்று தாளத்தோடு சொல்லிவிட்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“சொல்லுங்க அக்கா.”

“அதைத்தானே நீ சொல்லவேணும்.”

“நானில்லை, நீங்க! நீங்கதான் சோதினை எழுதப் போறியள்!”

“கத்தாத. பக்கத்து வீட்டில குழந்தை நித்திரை.”

திரும்பி வரும்போது ரயிலில் என்னோடு நானே சண்டை பிடித்தேன். பாட்டு முழுக்கப் பாடம், விடை மட்டும் பாடமில்லை என்றால் அது என்ன மூளை? வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு மகத்தான யோசனை தோன்றியது. விடைகளை மட்டும் வேறு குரலில், ஒரு பெண் குரலில், உரக்கச் சொல்ல வைத்தால் தனியாக எடுபடுமே! பழைய குரலிலிருந்து விடைகளையெல்லாம் வெட்டி எறிந்தேன். பெண் குரலுக்கு விடைகளை எழுதிக் கொடுத்தேன். செயலி சுற்றிச் சுற்றி நின்று, முடிந்தது என்றது. இடையில் செய்த சில்லறைத் திருத்தங்களையும் சேர்த்தால் அது பதினேழாவது தடவை. ‘கணக்கு 17’ என்று பெயர் போட்டுக் கைப்பேசியில் சேமித்தேன். போட்டுக் கேட்கவில்லை. அந்தப் பாட்டை இன்னொரு தரம் கேட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டில் ஜெபமாலை. ஒக்டோபர் மாதம் முழுவதும் எங்கள் பங்குத் தமிழர்களிடையே மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் எல்லோரும் கூடி, ஜெபமாலை சொல்லி, கடலையும் தேநீரும் எடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். அக்காவுக்குச் சோதனை வருகிற வியாழக்கிழமை. இந்த நேரத்தில் இது தேவையா என்று கேட்டேன். “மாதாவை வர வேண்டாம் எண்டு சொல்லுவனோ?” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மாலை ஆறு மணிக்கு அக்காவின் சின்ன முன்னறையில் முப்பது பேர். சோபாவில் வயதானவர்கள், நிலத்தில் மற்றவர்கள், வாசல் நடையில் சப்பாத்துக் குவியல், அதற்கு நடுவிலும் ஆட்கள். கீபோர்ட் வாசிப்பவருக்குத் தடிமனும் காய்ச்சலும், வரவில்லை. ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக உருட்டி முடிக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு பாட்டு வேண்டும். ஜெபக்குழுவை நடத்துகிற அண்ணை என்னைப் பார்த்தார். “தம்பி, நீர் கொம்பியூட்டர் ஆள்தானே. போனில பாட்டுப் போட்டுவிடும்.” நானும் கைப்பேசியை ஸ்பீக்கரோடு இணைத்து, மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், பூச்சாடிக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில் வைத்தேன்.

வீட்டுக்காரி என்பதால் அக்காதான் முன்பாதியைச் சொன்னார். எங்கே ஜெபமாலை நடந்தாலும் பெரும்பாலும் அவர்தான் சொல்வார். தெளிவான குரல், தடக்காது. முன்பாதியை அவர் சொல்லி விட, பின்பாதியை முப்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள். மூன்றாவது பாட்டைப் போட்டுவிட்டு, கடலை அடுப்பில் இருக்கிறது, நிற்பாட்டிவிட்டு வா என்று அக்கா கண்ணால் காட்ட, ஆட்களைத் தாண்டிக் குசினிக்குப் போனேன். அடுப்பை நிற்பாட்டித் திரும்புகிறேன், பாட்டு முடிந்தது. எல்லோரும் மணியை விரலில் பிடித்தபடி தலை குனிந்திருந்தார்கள்.

அப்போது ஸ்பீக்கரில் தாளம் தொடங்கியது.

நிறுத்த ஆளில்லாமல் கைப்பேசி தானாக அடுத்த பாட்டுக்குப் போயிருந்தது. ‘பின்னம் ஒரு பிடிவாதக்காரி’ என்று அந்த நிதானமான ஆண் குரல், மாதாவின் காலடியிலிருந்து முழங்கியது. நான் குசினி வாசலில். எனக்கும் கைப்பேசிக்கும் நடுவில் நிலத்தில் பன்னிரண்டு பேர், காலை வைக்க இடமில்லை. ஒருவரும் அசையவில்லை. ஜெபத்துக்கு நடுவில் தலை நிமிர்த்தக் கூடாது என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலேயே ஊறிய பழக்கம். இதுவும் ஏதோ புதுப் பக்திப் பாட்டு என்று சிலர் நினைத்திருக்கவும் கூடும். பத்து வீதத்தையும் ஐந்து வீதத்தையும் எல்லோரும் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஆச்சியின் சேலையை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, இன்னொருவரின் முழங்காலைத் தாண்டினேன்.

“ஏழெட்டு என்ன?” என்றது மெசின்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பெண் குரல் எழும்பவேயில்லை. செயலி எனக்குத் தந்தது வெறும் வெற்றிடம். அதைக்கூடப் போட்டுப் பார்க்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த வெற்றிடத்துக்குள், சோபாவில் இருந்த காது மந்தமான ஐயா ஒருவர், அரைமணி நேரமாகப் பின்பாதி சொல்லிக்கொண்டிருந்த அதே இழுவையில் சொன்னார்: “ஐம்பத்தாறு.”

“பார்த்து நிக்காதை, வாயாலை கூறு! ஆறொன்பது என்ன?”

“ஐம்பத்துநாலு,” என்றது முழு அறையும். பழக்கதோஷம். ஒருவர் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினால் இவர்கள் வாய் தானாகத் திறந்துவிடும். மணியைக்கூட ஒன்று தள்ளியிருப்பார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. வாய் மற்றவர்களோடு சேர்ந்து அசைந்தது.

“எட்டொன்பது என்ன?”

அறை தடுமாறியது. எட்டொன்பது எல்லோருக்கும் கொஞ்சம் வில்லங்கமான இடம். யாரோ அறுபத்து என்று தொடங்கி விழுங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு மேலாக அக்காவின் குரல் தனியாக வந்தது.

“எழுபத்திரண்டு.”

நான் கைப்பேசியை எட்டிப் பிடித்து நிறுத்தினேன். அண்ணை ஒருதரம் செருமினார். “நாலாம் தேவ இரகசியம்,” என்று அடுத்த பத்து மணியை அறிவித்தார். ஜெபம் தொடர்ந்தது. முடிந்து, சிலுவை அடையாளம் போட்டு, கடலைக் கிண்ணம் கைக்கு வரும்வரை எல்லோரும் அடக்கிக்கொண்டு இருந்தார்கள். பிறகு வெடித்த சிரிப்பில் மெழுகுதிரி அணையப் பார்த்தது. அண்ணை என் தோளில் தட்டி, “அடுத்த வருசம் பதினாறாம் வாய்ப்பாட்டையும் போடும் தம்பி,” என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

எல்லோரும் போன பிறகு அக்கா கோப்பைகளைக் கழுவ, நான் துடைத்தேன். ஏச்சு விழப் போகிறது என்று காத்திருந்தேன்.

“நான் சொன்னனானெல்லே,” என்றார். “இடம் விடவேணுமெண்டு.”

“ஓம் அக்கா.”

“எனக்கு ஏன் விடை நிக்கிறதில்லை எண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சு. நான் எப்பவும் கேக்கிற பக்கந்தானே நிண்டனான்.”

எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார். ஊரில் சண்டை வந்து, நாங்கள் இடம்பெயர்ந்து கோயில் வளவில் கூடாரத்தில் இருந்த காலம். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாலு. அங்கே பள்ளிக்கூடம் ஒன்று மரத்தடியில் தொடங்கியபோது என்னை அனுப்பினார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அக்கா நின்றார். எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு போனது அப்படித்தான். மாலையில் தண்ணீர் வரிசையில் என்னையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு வாய்ப்பாடு கேட்பார். அது எனக்கும் ஞாபகம் இருந்தது. ஏழெட்டு? ஐம்பத்தாறு. எட்டொன்பது? எழுபத்திரண்டு. நான் பிழையில்லாமல் சொல்வேன். வரிசையில் நிற்பவர்கள் கெட்டிக்காரன் என்பார்கள். எனக்கு ஞாபகத்தில் நின்றது அந்தக் கெட்டிக்காரன் மட்டும்தான்.

“வாய்ப்பாட்டுக் கொப்பி என்ர கையில. அதைப் பாத்துத்தான் நீ சொல்லுறது சரியோ எண்டு பாப்பன்,” என்றார் அக்கா. “கேள்வியெல்லாம் எனக்குப் பாடம். விடை உன்ர வாயில இருந்துதான் எனக்கு வரும். என்னை ஒருதரும் கேட்டதில்லையே.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை நீட்டினார். நான் வாங்கித் துடைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. இந்த மனிசியிடம்தான் நாலைந்து ஞாயிறாக, ‘போன கிழமையும் சொன்னனானே’ என்று கத்தியிருக்கிறேன்.

ஞாயிறு முழுவதும் இருந்து பதினெட்டாவதைச் செய்தேன். பகிடிகளை எடுத்துவிடுவோமா என்று கேட்டதற்கு, “அதுகள் கிடக்கட்டும், அதுக்குத்தான் கேக்கிறன்,” என்றார். மெசின் கேட்கும், நிறுத்தும், அக்கா சொல்வார், பிறகு மெசின் விடையைச் சொல்லும். நான் விட்ட இடைவெளி போதாது என்று திங்கள் காலை வேலைக்குப் போகிற வழியில் தொலைபேசி. கூட்டினேன். கூடிவிட்டது, நித்திரை வருகிறது என்று மத்தியானம் தொலைபேசி. குறைத்தேன். “அவன் ஏன் என்னை அக்கா அக்கா எண்டுறான்? மெசினுக்கும் நான் அக்காவோ?” என்று செவ்வாய்க்கிழமை. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா அக்காவையும் வெட்டினேன். “அக்கா இல்லாமல் மொட்டையா இருக்கு,” என்று புதன்கிழமை. திரும்ப ஒட்டினேன். திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதன்கிழமை நான் கத்தியது வீதிக்கே கேட்டிருக்கும். ஆனால் போனை வைத்த பிறகுதான் கத்தினேன்.

வியாழக்கிழமை சோதனை. முடிந்து வந்து அக்கா சொன்னார், மேற்பார்வைக்கு நின்ற பெண் இரண்டு தரம் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாளாம், ஏன் வாய் அசைகிறது என்று. கால் வேறு தாளம் போட்டதாம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “அவன் கேட்டான், நான் சொன்னன்,” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. முடிவு வரும்வரை மூன்று கிழமை என்னைப் பதறவிட்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வேலை முடிந்து பஸ்ஸின் மேல்தட்டில் வந்துகொண்டிருந்தேன். கோலியர்ஸ் வுட்டுக்கு இரண்டு தரிப்பு இருக்கும்போது அக்காவின் தொலைபேசி.

“பாஸ்,” என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. உரக்கத்தான் சொல்லியிருக்க வேண்டும், முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“கத்தாத. இண்டையிலயிருந்து வண்டி பழகட்டாம்.” பின்னால் சக்கரங்கள் உருளும் சத்தமும் யாரோ ஒரு கிழவர் அக்காவைக் கூப்பிடும் சத்தமும் கேட்டன. “டேய், ஏழெட்டு?”

எனக்கு விடை தெரியும். அந்தக் கேள்வியை அக்கா கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்தது வாழ்க்கையிலேயே இல்லை. ஆனால் அன்றைக்கு வாய் திறந்தால் என்ன சத்தம் வருமோ என்று பயமாக இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

“என்னடா, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ? ஐம்பத்தாறு,” என்றார் அக்கா. “சரி வை, மருந்துக்கு நேரமாகுது.”